எறும்பிடம் வழி கேட்ட கம்ப்யூட்டர்

புதிதாக கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் பலரும் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "கடிதம் அடிக்கிறேன், பாட்டுக் கேட்கிறேன், படம் பார்க்கிறேன். இதைத் தவிர வேறு என்ன செய்யலாம்?" இந்த மாதப் பாடத்தில் அதற்கு ஒரு பதில் தருகிறேன். இயற்கை நமக்குக் கற்றுத் தந்த ஒரு பாடத்தை உங்கள் கம்ப்யூட்டரிலேயே நீங்கள் சோதித்துப் பார்க்கப் போகிறீர்கள். புரோகிராம் எழுதத் தெரிய வேண்டியதில்லை. எக்செல் அல்லது இலவசமாகக் கிடைக்கும் லிப்ரே ஆபீஸ் கால்க், இரண்டில் ஒன்று இருந்தால் போதும்.

அதற்கு முன் எங்கள் ஊர்க் கதை ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். பாடத்துக்கும் அதற்கும் தொடர்பு இருக்கிறது.

ஒரு திராட்சை வண்டியின் கதை

என் ஊர் சுருளிப்பட்டி. கம்பம் பள்ளத்தாக்கில், சுருளி அருவிக்குப் போகும் வழியில் இருக்கிறது. ஊரைச் சுற்றிலும் திராட்சைப் பந்தல்கள். 2023இல் புவிசார் குறியீடு பெற்ற கம்பம் பன்னீர் திராட்சை எங்கள் பகுதியில் விளைவதுதான். ஒரு தோட்டத்தில் கவாத்து நடக்கும்போது அடுத்த தோட்டத்தில் அறுவடை நடக்கும். அதனால் ஆண்டு முழுவதும் பழம் வந்துகொண்டே இருக்கும்.

என் பெரியப்பா மகன் ஒரு மினி லாரி வைத்திருக்கிறார். தோட்டம் தோட்டமாகப் போய்ப் பெட்டிகளை ஏற்றிக் கம்பத்தில் கொண்டுபோய் இறக்குவது அவர் வேலை. கேரளாவுக்குப் போகும் லாரி புறப்படுவதற்குள் போய்ச் சேர வேண்டும். வெயிலில் நேரமானால் பழம் காம்பை விட்டு உதிர ஆரம்பித்துவிடும். உதிர்ந்த பழத்துக்கு விலை கிடையாது.

தோட்டங்களுக்குப் போகும் வழியில் வாய்க்காலின் மேல் ஒரு சின்னப் பாலம். அது பழுதானபோது எல்லா வண்டிகளும் சுற்றுப் பாதையில் போனோம். ஒரு நடைக்கு 4 கிலோமீட்டர் கூடுதல். பிறகு பாலம் சரியானது. ஆனால் வண்டிகள் சுற்றுப் பாதையிலேயே போய்க்கொண்டிருந்தன. ஒருநாள் வண்டியில் உடன் போனபோது கேட்டேன்.

"ஏண்ணே, பாலம் வேலை முடிஞ்சு ரெண்டு மாசம் ஆச்சுல்ல? இன்னும் ஏன் சுத்திப் போறோம்?"

அண்ணன் சிரித்துவிட்டார். "அட, ஆமாடா தம்பி. முன்னால போறவன் அப்படித்தான் போறான். கையும் தானா அந்தப் பக்கமே திரும்புது."

வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டேன். நாளைக்கு 2 நடை, நடைக்கு 4 கிலோமீட்டர், 60 நாள். மொத்தம் 480 கிலோமீட்டர். அந்த டீசலில் ஏறக்குறைய சென்னைக்கே போயிருக்கலாம்! டீசலை விட, அந்த இரண்டு மாதத்தில் லாரியைத் தவறவிட்ட நாட்களில் உதிர்ந்த பழம்தான் பெரிய நஷ்டம்.

இத்தனை பேர் சேர்ந்து எப்படி ஒரே தவறைச் செய்தோம்? இந்தக் கேள்விக்கு விடை தேடியபோதுதான் எறும்புகளைப் பற்றிப் படித்தேன்.

நாயுருவி முதல் புல்லட் ரயில் வரை

இயற்கையைப் பார்த்து மனிதன் செய்த பொருட்கள் பல. முதலில் சிலவற்றை வேகமாகப் பார்த்துவிடுவோம்.

வயல் வரப்பில் நடந்தால் வேட்டியில் நாயுருவி விதை ஒட்டிக்கொள்ளும். இதுபோல் ஒட்டிக்கொள்ளும் ஒரு காயை 1941இல் சுவிட்சர்லாந்தின் ஜார்ஜ் டி மெஸ்ட்ரல் தன் நாயின் ரோமத்திலிருந்து பிடுங்கி எடுத்தார். மைக்ராஸ்கோப்பில் வைத்துப் பார்த்தார். நுனியில் சின்னச் சின்னக் கொக்கிகள் தெரிந்தன. அதிலிருந்து பிறந்ததுதான் வெல்க்ரோ. உங்கள் கம்ப்யூட்டரின் பின்னால் கேபிள்களைச் சேர்த்துக் கட்டும் ஒட்டுப் பட்டை இதுவே.

தாமரை இலையில் தண்ணீர் ஒட்டாது. சேம்பு இலையிலும் அப்படியே. இலை வழவழப்பாக இருப்பதால் இப்படி என்றுதான் தோன்றும். உண்மை நேர் எதிர். கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய மேடுகளும் அவற்றின் மேல் மெழுகும் இருப்பதால் துளி இலையைத் தொட்டும் தொடாமலும் உருள்கிறது. உருளும்போது தூசியையும் அள்ளிக்கொண்டு போகிறது. ஜெர்மனியின் பான் பல்கலைக்கழகத் தாவரவியலாளர் வில்ஹெல்ம் பார்த்லாட் இதை ஆராய்ந்து விளக்கினார். அந்த உத்தியில் தயாரான சுவர் பெயின்ட் 1999இல் விற்பனைக்கு வந்தது.

ஜப்பானில் புல்லட் ரயில் சுரங்கப்பாதையை விட்டு வெளியே வரும்போது வெடிபோல் சத்தம் கேட்டது. பறவைகளைக் கவனிக்கும் பழக்கம் உள்ள எய்ஜி நகட்சு என்ற பொறியாளர், தண்ணீர் சிதறாமல் பாயும் மீன்கொத்தியின் அலகைக் கவனித்தார். அதேபோல் நீண்ட மூக்குடன் 500 வரிசை ரயில் 1997இல் ஓடத் தொடங்கியது. சத்தம் குறைந்தது. எங்கள் வாய்க்கால் கரையில் தினமும் உட்கார்ந்திருக்கும் அதே மீன்கொத்திதான்!

இவையெல்லாம் வடிவத்தைக் கற்ற கதைகள். வடிவத்தை மட்டுமின்றி, வேலை செய்யும் முறையையும் இயற்கையிடம் கற்கலாம். கம்ப்யூட்டருக்கு அதிகம் உதவியது இந்த இரண்டாவது வகைதான்.

எறும்பு எப்படி வழி கண்டுபிடிக்கிறது?

சமையலறையில் சர்க்கரை டப்பாவைத் திறந்து வைத்துவிட்டு வந்தால் கொஞ்ச நேரத்தில் எறும்பு வரிசை வந்துவிடும். அவற்றுக்கு யாரும் வழி காட்டுவதில்லை. தலைவன் கிடையாது. வரைபடம் கிடையாது.

எறும்பு நடக்கும்போது தரையில் ஒருவகை வாசனைப் பொருளை விட்டுச் செல்கிறது. பின்னால் வரும் எறும்பு, வாசனை அதிகமாக இருக்கும் பக்கம் திரும்புகிறது. அதுவும் தன் பங்குக்கு வாசனையை விடுகிறது.

பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸ் நகர ஆய்வாளர்கள் கோஸ், டெனூபோர் முதலானோர் 1989இல் ஒரு எளிய சோதனையை வெளியிட்டார்கள். எறும்புப் புற்றுக்கும் உணவுக்கும் இடையே இரண்டு பாதைகள் வைத்தார்கள். ஒன்று மற்றதைப் போல் இரண்டு மடங்கு நீளம். தொடக்கத்தில் எறும்புகள் இரண்டிலும் சமமாகப் போயின. சில நிமிடங்களில் பெரும்பாலான எறும்புகள் குறுகிய பாதைக்கு வந்துவிட்டன.

காரணம் எளிது. குறுகிய பாதையில் போன எறும்பு சீக்கிரம் திரும்பி வருகிறது. அதனால் அந்தப் பாதையில் வாசனை சீக்கிரம் சேர்கிறது. அது இன்னும் பல எறும்புகளை இழுக்கிறது. எறும்பு ஊரக் கல்லும் தேயும் என்பார்கள். எறும்பு ஊர ஊர நல்ல வழியும் தெரிகிறது.

அதே சோதனையில் இன்னொரு முடிவும் கிடைத்தது. முதலில் நீண்ட பாதையை மட்டும் வைத்து, எறும்புகள் அதில் நன்றாகப் பழகிய பிறகு குறுகிய பாதையைத் திறந்துவிட்டார்கள். என்ன ஆயிற்று? எறும்புகள் நீண்ட பாதையிலேயே போய்க்கொண்டிருந்தன! பழைய வாசனை அவ்வளவு பலமாக இருந்தது.

இதைப் படித்தபோது எனக்கு அண்ணனின் மினி லாரி நினைவுக்கு வந்தது. "முன்னால போறவன் அப்படித்தான் போறான்."

36 லட்சம் வழிகள்

எறும்பின் இந்த முறையைக் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவந்தவர் மார்கோ டோரிகோ. இத்தாலியின் மிலன் நகரப் பாலிடெக்னிக் பல்கலைக்கழகத்தில் 1992இல் அளித்த டாக்டர் பட்ட ஆய்வில் இதை விளக்கினார். அவருக்கு ஏன் எறும்பு தேவைப்பட்டது?

நம் திராட்சை வண்டியையே எடுத்துக்கொள்வோம். 10 தோட்டங்களுக்குப் போய் வர வேண்டும். எந்த வரிசையில் போனால் தூரம் குறையும்? முதல் தோட்டத்தை 10 விதமாகத் தேர்ந்தெடுக்கலாம். அடுத்ததை 9 விதமாக, அதற்கடுத்ததை 8 விதமாக. இப்படிப் பெருக்கினால் 36,28,800 வரிசைகள் வரும்.

ஒரு விநாடிக்கு 10 லட்சம் வரிசைகளைச் சோதிக்கும் கம்ப்யூட்டர் இதை 4 விநாடிக்குள் முடித்துவிடும். தோட்டங்கள் 15 ஆனால்? அதே கம்ப்யூட்டருக்கு 15 நாட்கள் ஆகும். 20 ஆனால் சுமார் 77 ஆயிரம் ஆண்டுகள்! பழம் எல்லாம் திராட்சை ரசமாகிவிடும். வேகமான கம்ப்யூட்டர் வாங்குவதால் மட்டும் இந்தச் சிக்கல் தீராது. வேறு வழி வேண்டும்.

டோரிகோவின் முறையில் கம்ப்யூட்டருக்குள் பல கற்பனை எறும்புகள் புறப்படுகின்றன. ஒவ்வொன்றும் பக்கத்தில் உள்ள தோட்டத்தையும் வாசனை அதிகமுள்ள பாதையையும் பார்த்து அடுத்த இடத்தைத் தேர்ந்தெடுக்கிறது. சுற்றி முடித்ததும், மொத்தத் தூரம் எவ்வளவு குறைவோ அவ்வளவு அதிகமாக வாசனை விடுகிறது. பல சுற்றுகளுக்குப் பிறகு நல்ல வரிசை ஒன்று தானாகத் துலங்குகிறது. அதுவே மிகச் சிறந்தது என்று உறுதி சொல்ல முடியாது. ஆனால் மிக நல்ல விடை, குறைந்த நேரத்தில் கிடைத்துவிடும். சுவிட்சர்லாந்தில் பெரிய சூப்பர் மார்க்கெட் ஒன்றின் சரக்கு லாரிகளுக்கு வழி வகுக்கவும் இந்த முறை பயன்பட்டது.

இங்கே டோரிகோ செய்த முக்கியமான காரியம் ஒன்றைக் கவனியுங்கள். பழைய வாசனையில் எறும்புகள் மாட்டிக்கொள்ளும் என்று பார்த்தோம் அல்லவா? அதனால் அவர் தன் கற்பனை எறும்புகளின் வாசனையை வேகமாக ஆவியாக விட்டார். அதாவது கம்ப்யூட்டருக்கு மறக்கவும் கற்றுக்கொடுத்தார்.

செய்து பாருங்கள்

இப்போது உங்கள் கம்ப்யூட்டரைத் திறந்து எக்செல் அல்லது கால்க் புரோகிராமில் ஒரு புதிய பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஏ, பி, சி என்று நான் குறிப்பிடுபவை மேலே தெரியும் ஆங்கில எழுத்துகள். 1, 2, 3 என்பவை இடப்பக்கம் தெரியும் வரிசை எண்கள். ஏ2 என்றால் ஏ நெடுவரிசையும் 2ஆம் வரிசையும் சந்திக்கும் கட்டம்.

பார்முலாவில் கட்டத்தின் பெயர் வரும் இடங்களில் அதைத் தட்டச்சு செய்ய வேண்டாம். மவுஸால் அந்தக் கட்டத்தைக் கிளிக் செய்தால் பெயர் தானாக வந்துவிடும். மற்ற குறிகளையும் எண்களையும் மட்டும் தட்டுங்கள்.

1. ஏ1இல் 'குறுக்குப் பாதை' என்றும், பி1இல் 'சுற்றுப் பாதை' என்றும், சி1இல் 'குறுக்கில் போகும் பங்கு' என்றும் தலைப்பு இடுங்கள்.

2. ஏ2இல் 1, பி2இல் 1 என்று இடுங்கள். தொடக்கத்தில் இரண்டு பாதையிலும் ஒரே அளவு வாசனை.

3. சி2இல் இந்தப் பார்முலாவை அமையுங்கள்: =ஏ2/(ஏ2+பி2). என்டர் தட்டினால் 0.5 என்று வரும். பாதி எறும்புகள் குறுக்கில், பாதி சுற்றில் போகின்றன என்று பொருள்.

4. ஏ3இல்: =ஏ2*0.9+சி2*2

5. பி3இல்: =பி2*0.9+(1-சி2)*1

6. சி2ஐ கிளிக் செய்து காப்பி செய்து, சி3இல் பேஸ்ட் செய்யுங்கள்.

7. ஏ3 முதல் சி3 வரை மவுஸால் இழுத்துத் தேர்ந்தெடுங்கள். தேர்வின் வலது கீழ் மூலையில் சிறிய சதுரப் புள்ளி தெரியும். அதைப் பிடித்து 52ஆம் வரிசை வரை கீழே இழுத்து விடுங்கள்.

இந்தப் பார்முலாக்கள் என்ன சொல்கின்றன? 0.9 என்பது ஒவ்வொரு சுற்றிலும் பத்தில் ஒரு பங்கு வாசனை ஆவியாகிறது என்பதைக் குறிக்கிறது. குறுக்குப் பாதை பாதி நீளம். சுற்றில் ஒரு எறும்பு ஒருமுறை வருவதற்குள் குறுக்கில் ஒரு எறும்பு இரண்டு முறை வந்துவிடும். அதனால் ஏ நெடுவரிசையில் 2ஆல் பெருக்கினோம், பி நெடுவரிசையில் 1ஆல் பெருக்கினோம்.

இப்போது சி நெடுவரிசையைப் பாருங்கள். 0.5இல் தொடங்கி மெல்ல ஏறும். 12ஆம் வரிசையில் சுமார் 0.82. அதாவது 100 எறும்புகளில் 82 குறுக்குப் பாதைக்கு வந்துவிட்டன. 52ஆம் வரிசையில் 0.97ஐத் தாண்டியிருக்கும். எந்த எறும்புக்கும் பாதையின் நீளம் தெரியாது. ஆனாலும் கூட்டம் சரியான முடிவுக்கு வந்துவிட்டது!

சி நெடுவரிசையைத் தேர்ந்தெடுத்து, இன்செர்ட் மெனுவில் சார்ட், அதில் லைன் வகையைத் தேர்ந்தெடுத்தால் இது அழகான கோடாகவும் தெரியும்.

விடை வரவில்லையா? மூன்று இடங்களைச் சரிபாருங்கள். பார்முலா சமக்குறியுடன் தொடங்குகிறதா? அடைப்புக்குறிகள் இரண்டும் உள்ளனவா? கட்டத்தில் எண்ணுக்குப் பதில் #### என்று தெரிந்தால் தவறு ஒன்றும் இல்லை, நெடுவரிசையை அகலப்படுத்தினால் போதும். பார்முலா அடிக்கும்போது தெரியாமல் வேறு கட்டத்தைக் கிளிக் செய்துவிட்டால் எஸ்கேப் கீயைத் தட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள். எல்லாம் சரியானதும் பைலை 'எறும்பு' என்று சேவ் செய்துகொள்ளுங்கள்.

பாதை மாறினால்?

இனிதான் முக்கியமான சோதனை. 12ஆம் வரிசை வரை எல்லாம் நன்றாக நடந்தது. திடீரென்று குறுக்குப் பாதை கெட்டு, இதுவரை நீளமாக இருந்தது குறுக்காகவும், குறுக்காக இருந்தது நீளமாகவும் மாறிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். எறும்புகள் மாறுமா?

ஏ13இல்: =ஏ12*0.9+சி12*1

பி13இல்: =பி12*0.9+(1-சி12)*2

இந்த இரண்டு கட்டங்களையும் தேர்ந்தெடுத்து 52ஆம் வரிசை வரை இழுங்கள். சி நெடுவரிசையைத் தொட வேண்டாம். அது தானாக மாறிக்கொள்ளும்.

சி13இல் 0.80. அதன் பிறகு மெல்ல இறங்கும். 30ஆம் வரிசையில் 0.52 அளவில் இருக்கும். 31ஆம் வரிசையில் 0.5க்குக் கீழே வந்துவிடும். அதாவது நிலைமை மாறிய 19 சுற்றுகளில் கூட்டம் புதிய பாதைக்கு மாறிவிட்டது.

அடுத்து, ஆவியாவதை நிறுத்திப் பாருங்கள். ஏ3, பி3 பார்முலாக்களில் 0.9ஐ 1 என்று மாற்றி 12ஆம் வரிசை வரை இழுங்கள். ஏ13, பி13 பார்முலாக்களிலும் அப்படியே மாற்றி 52ஆம் வரிசை வரை இழுங்கள். 12ஆம் வரிசையில் பங்கு 0.77 அளவில் இருக்கும். பெரிய வித்தியாசம் இல்லையே என்று நினைப்பீர்கள். இப்போது 31ஆம் வரிசைக்கு வாருங்கள். எறும்புகள் இன்னும் பழைய பாதையில். 40ஆம் வரிசை? அப்படியே. 52ஆம் வரிசையில்கூடப் பாதிக்கு மேற்பட்டவை பழைய பாதையில்தான் போய்க்கொண்டிருக்கும்.

எதையும் மறக்காத கூட்டம், நிலைமை மாறினால் தடுமாறுகிறது. கொஞ்சம் மறக்கும் கூட்டம் சமாளித்துக்கொள்கிறது. இதை எனக்கு யாரும் வாயால் சொல்லியிருந்தால் தலையாட்டிவிட்டுப் போயிருப்பேன். திரையில் எண்கள் இறங்குவதைப் பார்த்தபோதுதான் மனதில் பதிந்தது.

தேனீயும் சர்வரும்

எறும்பு மட்டும் ஆசிரியர் அல்ல. நிறையத் தேன் உள்ள பூக்களைக் கண்ட தேனீ, கூட்டுக்குத் திரும்பி ஆடிக் காட்டுகிறது. இந்த ஆட்டத்தின் பொருளைக் கண்டறிந்த கார்ல் வான் பிரிஷ் 1973இல் நோபல் பரிசு பெற்றார். தேன் அதிகமானால் ஆட்டம் நீளும், அதிகத் தேனீக்கள் அங்கே கிளம்பும். தேன் குறைந்தால் ஆட்டம் நின்றுவிடும்.

இணையதளங்களை நமக்கு அனுப்பித் தரும் கம்ப்யூட்டர்களுக்கு சர்வர் என்று பெயர். ஒரு தளத்துக்குத் திடீரென்று கூட்டம் கூடும். இன்னொன்று காலியாக இருக்கும். எந்தத் தளத்துக்கு எத்தனை சர்வர் ஒதுக்குவது? சுனில் நக்ரானியும் கிரெய்க் டோவியும் 2004இல் வெளியிட்ட ஆய்வில் தேனீயின் முறையை இதற்குப் பயன்படுத்திக் காட்டினார்கள். தளங்கள் பூக்கள், சர்வர்கள் தேனீக்கள். தேனீயைப் படிப்பதால் என்ன பயன் என்று கேட்டவர்களுக்கு இது பதிலானது. இந்த ஆய்வுக்கு அடிப்படையிட்டவர்களுக்கும் சேர்த்து 2016இல் அமெரிக்காவில் கோல்டன் கூஸ் விருது வழங்கப்பட்டது.

போட்டோவைப் பார்த்து ஆளை அடையாளம் காணும் புரோகிராம்களுக்கு ஆசிரியர் நம் மூளை. மூளையின் நரம்பணுக்களைக் கணக்காக எழுதிக் காட்டும் முயற்சி 1943இல் மெக்கலக், பிட்ஸ் என்ற இருவரால் தொடங்கியது. அந்த வழியில் உழைத்த ஜான் ஹாப்பீல்ட், ஜெப்ரி ஹின்டன் இருவருக்கும் 2024இல் இயற்பியல் நோபல் பரிசு கிடைத்தது. 81 ஆண்டுகள்! இயற்கையிடம் கற்பது ஒரு நாள் வேலை அல்ல.

பனங்காடையின் நீலம்

நம் மண்ணிலிருந்தும் ஒரு கதை உண்டு. கரண்ட் கம்பியில் உட்கார்ந்திருக்கும் பனங்காடையைப் பார்த்திருப்பீர்கள். உட்கார்ந்திருக்கும்போது மங்கலாகத் தெரியும். பறக்க இறக்கையை விரித்தால் பளிச்சென்ற நீலம். திருச்சியில் பிறந்த சர் சி.வி. ராமன் இந்தப் பறவையின் இறகை எடுத்து ஆராய்ந்து, 1934இல் தாம் நிறுவிய இந்திய அறிவியல் அகாதமியின் இதழில் எழுதினார். இறகில் நீலச் சாயம் எதுவும் இல்லை. இறகின் நுண்ணிய அமைப்பே ஒளியைப் பிரித்து நீலத்தை நம் கண்ணுக்கு அனுப்புகிறது.

சாயம் இல்லாமல் அமைப்பால் மட்டும் நிறம் காட்ட முடியுமானால், மானிட்டரிலும் அப்படிச் செய்யலாமே? குவால்காம் நிறுவனம், பட்டாம்பூச்சி இறகில் உள்ள இத்தகைய நிறத்தை முன்மாதிரியாகக் கொண்டு மிராசால் என்ற திரையைச் செய்தது. இரண்டு மெல்லிய அடுக்குகளுக்கு இடையே உள்ள இடைவெளியை வைத்து நிறம் மாறும். பின்னால் விளக்கு தேவையில்லை. வெயிலில் நன்றாகத் தெரியும், மின்சாரமும் குறைவு. 2011இல் தென் கொரியாவில் இந்தத் திரையுடன் புத்தகம் படிக்கும் கருவி ஒன்று வந்தது. ஆனால் சந்தையில் நிலைக்கவில்லை. இயற்கையிலிருந்து எடுத்தது என்பதாலேயே ஒரு பொருள் வெற்றி பெற்றுவிடாது.

ஏமாறாமல் இருக்க

"இதையும் இயற்கையைப் பார்த்துத்தான் செய்தார்கள்" என்று பல செய்திகள் உங்களுக்கு வரும். எல்லாவற்றையும் நம்பிவிடக் கூடாது. நான் மூன்று வகையாகப் பிரித்துப் பார்ப்பேன்.

முதல் வகை, உண்மையில் கற்றது. யார், எப்போது, எதைப் பார்த்துக் கற்றார் என்று சொல்ல முடியும். வெல்க்ரோவும் டோரிகோவின் எறும்பும் இந்த வகை.

இரண்டாம் வகை, மனிதன் தானாகச் செய்த பிறகு இயற்கையிலும் அது இருப்பது தெரிந்தது. இணையத்தில் செய்திகளை ஒழுங்காக அனுப்பும் டிசிபி முறையை வின்டன் செர்ப், ராபர்ட் கான் இருவரும் 1974இல் வெளியிட்டார்கள். அனுப்பிய தகவல் போய்ச் சேர்ந்ததற்கான பதில் எவ்வளவு வேகமாக வருகிறதோ, அதற்கேற்ப அடுத்ததை அனுப்பும் வேகத்தை இந்த முறை கூட்டும், குறைக்கும். ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் எறும்பு ஆய்வாளர் டெபோரா கார்டனும் கம்ப்யூட்டர் பேராசிரியர் பாலாஜி பிரபாகரும் சேர்ந்து 2012இல் ஒன்றைக் காட்டினார்கள். விதை சேர்க்கும் ஒருவகை எறும்புகளும் இதே கணக்கில்தான் வேலை செய்கின்றன. விதையுடன் திரும்பும் எறும்புகள் வேகமாக வந்தால் புதிய எறும்புகள் வேகமாகப் புறப்படுகின்றன. செர்ப்பும் கானும் எறும்பைப் பார்த்து எழுதவில்லை. தேவை ஒன்றாக இருந்ததால் விடையும் ஒன்றாக அமைந்தது.

மூன்றாம் வகை, பெயர் மட்டும். உங்கள் கையில் உள்ள மவுஸ் வால் போன்ற ஒயருடன் எலியைப் போல் இருந்ததால் அந்தப் பெயர் பெற்றது. எலியிடம் எதுவும் கற்கவில்லை!

அடுத்த முறை இப்படி ஒரு செய்தி வந்தால் யார், எப்போது, எதைப் பார்த்து என்ற மூன்று கேள்விகளையும் கேட்டுப் பாருங்கள். விடை கிடைக்காவிட்டால் அதை மற்றவர்களுக்கு அனுப்பாதீர்கள்.

வீட்டுப் பாடம்

சேவ் செய்த 'எறும்பு' பைலைத் திறந்து 0.9ஐ 0.5 என்று மாற்றிப் பாருங்கள். பாதி வாசனை ஒவ்வொரு சுற்றிலும் ஆவியாகும். பாதை மாறியபோது எறும்புகள் எத்தனை சுற்றில் மாறுகின்றன? 0.99 என்று போட்டால்? விடைகளை ஒரு நோட்டில் எழுதி ஒப்பிடுங்கள். பார்முலாவில் ஓர் எண்ணை மாற்றினால் முடிவு எப்படி மாறுகிறது என்று பார்க்கக் கற்றுக்கொண்டால் வீட்டு வரவு செலவு, வட்டிக் கணக்கு எல்லாவற்றையும் இதே முறையில் நீங்களே சோதிக்கலாம்.

அண்ணனின் வண்டி விஷயத்துக்கு வருகிறேன். அன்று மாலையே சுற்றுப் பாதையை விட்டுவிட்டார். மறுநாள் அவர் பாலத்தின் வழியாகப் போவதைப் பார்த்து இன்னொரு வண்டி திரும்பியது. அந்த வாரத்திலேயே எல்லா வண்டிகளும் பாலத்துக்கு வந்துவிட்டன. இப்போது மாதத்தின் முதல் நாளில் அவர் ஒரு பழக்கம் வைத்திருக்கிறார். அன்று மட்டும், வழக்கமாகப் போகாத ஒரு வழியில் ஒரு நடை போய்ப் பார்ப்பார். நேரத்தைக் குறித்துக்கொண்டு வந்து என்னிடம் தருவார். நான் கம்ப்யூட்டரில் ஏற்றி வைப்பேன். பெரும்பாலும் பழைய வழியே நல்ல வழியாக இருக்கும். இதுவரை ஒருமுறை மட்டும் புதிய வழி 10 நிமிடம் மிச்சப்படுத்தியிருக்கிறது. திராட்சைப் பெட்டிக்கு அந்த 10 நிமிடம் பெரிது.